கேள்வி கேட்க இடமில்லாத மன்றம்: நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சில், 2018

2018 பிப்ரவரி 22, வியாழக்கிழமை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சில், அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை நிறைவேற்றக் குறித்திருந்த நாள். அதற்குச் சற்று முன்பு கவுன்சிலின் வெளித் தணிக்கையாளரான கேபிஎம்ஜி நிறுவனம் ஒரு அறிவிப்பு கொடுத்தது. மேசைக்கு வரவிருக்கும் பட்ஜெட் அப்படியே நிறைவேறினால் அது சட்டத்துக்குப் புறம்பானதாகிவிடும் என்பது அதன் சாரம். பட்ஜெட் அன்று நிறைவேறவில்லை. 28-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

ஏன் 28? அதற்கு மேல் தள்ள வழியில்லை. கவுண்டி கவுன்சில் தானே வீடு வீடாகப் போய் வரி வசூலிப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் மாவட்ட, நகரக் கவுன்சில்கள்தான் வசூலிக்கின்றன. "எங்கள் பங்குக்கு இவ்வளவு வசூலித்துக் கொடுங்கள்" என்று கவுண்டி அவர்களுக்கு எழுத வேண்டும். அந்தக் கோரிக்கை மார்ச் 1-க்கு முன் போய்ச் சேர வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டின் சட்டம். ஆக, பிப்ரவரியின் கடைசி நாள்தான் அவர்களுக்கு மிச்சமிருந்த நாள். அன்று திருத்திய பட்ஜெட் நிறைவேறியது. மூன்று ஆண்டு கழித்து அந்தக் கவுன்சிலே இல்லாமல் போனது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே எழுதினார்கள். பணம் தீர்ந்தது உண்மை. ஆனால் ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. கஜானா காலியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கூட்ட அரங்கம் செயலிழந்துவிட்டது. அதை விளக்கவே இந்த ஆய்வு.

கூட்டம் என்றால் என்ன நடக்கும்

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நார்தாம்ப்டன்ஷயரில் இரண்டு அடுக்கு நிர்வாகம் இருந்தது. மேலே கவுண்டி கவுன்சில்: முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, பள்ளிகள், சாலைகள், நூலகங்கள் எல்லாம் அதன் பொறுப்பு. கீழே கார்பி, கெட்டரிங், வெலிங்பரோ, நார்தாம்ப்டன், டாவென்ட்ரி, கிழக்கு நார்தாம்ப்டன்ஷயர், தெற்கு நார்தாம்ப்டன்ஷயர் என்று ஏழு கவுன்சில்கள். குப்பை எடுப்பது, வீட்டு வசதி, கட்டட அனுமதி, வரி வசூல் இவர்களிடம்.

கவுண்டி கவுன்சிலில் 57 உறுப்பினர்கள். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மிகப் பெரிய பெரும்பான்மை. உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றாக உட்காரும் முழு மன்றக் கூட்டம் ஆண்டுக்குச் சில தடவைதான் நடக்கும். நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். நிரல் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். வராதவர்களின் தகவல், போன கூட்டத்தின் குறிப்புகளைச் சரிபார்த்துத் தலைவர் கையெழுத்திடுவது, எந்தப் பொருளிலாவது சொந்த நலன் இருந்தால் உறுப்பினர் அறிவிப்பது, மனுக்கள், பொதுமக்களின் கேள்விகள், அதிகாரிகளின் அறிக்கைகள், உறுப்பினர்களின் தீர்மானங்கள். மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு வந்திருந்தால் கூட்டம் செல்லும். வாக்குகள் சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு.

பட்ஜெட் கூட்டத்துக்குக் கூடுதல் விதிகள் உண்டு. 2014 முதல் பட்ஜெட் வாக்கெடுப்பில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் விலகி நின்றார் என்று பெயரோடு பதிவு செய்தாக வேண்டும். இரண்டு மாதம் வரி பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி தலைமை நிதி அலுவலர் ஒரு அறிக்கை வைக்க வேண்டும். இந்த பட்ஜெட்டின் மதிப்பீடுகள் நம்பத்தக்கவையா, கையிருப்பு போதுமானதா என்று அவர் தன் பெயரில் எழுத்தில் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் நீளும் பட்ஜெட் கட்டில் சில பக்கங்களே இருக்கும் இந்த அறிக்கைதான் என் பார்வையில் மிக முக்கியமான காகிதம்.

இதெல்லாம் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எப்போதோ எங்கேயோ நடந்த ஒரு தவறு இருக்கிறது. நிரலை முன்கூட்டியே வெளியிடச் சொல்வது, யாரும் படிக்காத காகிதத்தைத் திடீரென்று நீட்டித் தீர்மானம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. பெயரோடு வாக்கைப் பதிவது, பின்னால் "நான் அப்போது சம்மதிக்கவில்லை" என்று யாரும் நழுவக் கூடாது என்பதற்காக.

ஆனால் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டத்தின் எடையை மாற்றியது. அதுவரை குழுக்கள் அமைத்து எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அதன் பிறகு பெரும்பாலான கவுன்சில்களில் ஒரு தலைவரும், பத்துப் பேருக்கு மேல் போகாத கேபினட்டும் முடிவெடுக்கத் தொடங்கினார்கள். மற்ற உறுப்பினர்களின் வேலை, ஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்து கேபினட்டைக் கேள்வி கேட்பது. பட்ஜெட் மட்டும் முழு மன்றத்திடமே நின்றது. ஆக, ஒரு சாதாரண உறுப்பினரின் கையில் இருப்பது இரண்டே கருவி. ஒன்று கேள்வி. இன்னொன்று பிப்ரவரியில் ஒரு வாக்கு.

முன்கதை

2010-க்குப் பிறகு லண்டனில் இருக்கும் மத்திய அரசு உள்ளாட்சி மானியங்களைக் கடுமையாக வெட்டியது. எல்லாக் கவுன்சில்களுக்கும் அடி விழுந்தது. நார்தாம்ப்டன்ஷயருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அங்கே மக்கள்தொகை வேகமாக வளர்ந்தது. முதியோர் எண்ணிக்கை கூடியது, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடியது. மானியம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது கவுன்சில் தலைமையின் வாதம். அதில் நியாயம் இருந்தது.

ஆனால் அதே காலத்தில் கவுன்சில் வரியை ஏற்றாமல் பல ஆண்டுகள் உறைய வைத்தது. கேட்க நன்றாக இருக்கும். ஓட்டுக்கும் நல்லது. இங்கிலாந்தில் மிகக் குறைந்த கவுண்டி வரி வாங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. ஓர் ஆண்டு வரியை ஏற்றாவிட்டால் நட்டம் அந்த ஓர் ஆண்டோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டின் உயர்வு பழைய தாழ்ந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. பத்து ஆண்டில் அது ஒரு பெரிய பள்ளமாகிவிடும். பின்னாளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பும் வைத்துவிட்டதால், நினைத்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியவில்லை.

2014 வாக்கில் "அடுத்த தலைமுறை" என்று பெயரிட்டு ஒரு திட்டம் வந்தது. கவுன்சிலின் பணியாளர்களில் பெரும்பாலோரைத் தனித்தனி நிறுவனங்களுக்கு மாற்றிவிட்டு, மையத்தில் சுமார் 150 பேர் கொண்ட சின்ன அமைப்பு மட்டும் இருக்கும், அது வேலையை வாங்கித் தரும் இடமாக மட்டும் செயல்படும் என்பது யோசனை. இதனால் பணம் மிச்சமாகும் என்றார்கள். எப்படி மிச்சமாகும் என்று கணக்கோடு நிறுவிய உறுதியான வணிகத் திட்டம் எதுவும் இல்லை என்று பிறகு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். ஒரு கவுண்டியின் நிர்வாகத்தையே தலைகீழாக மாற்றும் யோசனை அது. அப்படி ஒன்று கூட்டத்துக்கு வரும்போது "கணக்கு எங்கே?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதைக் கேட்க நிதி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிற யாரும் கேட்பார்கள். சிலர் கேட்டிருக்கிறார்கள், பதில்தான் கிடைக்கவில்லை. உறுப்பினர்கள் முறையாகக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் மறுக்கப்பட்டதாகவும், கேபினட் எதை அனுமதிக்கும் என்று பார்த்தே ஆய்வுக் குழுக்கள் தங்கள் வேலையைச் சுருக்கிக்கொண்டதாகவும் அரசு ஆய்வறிக்கை பதிவு செய்திருக்கிறது.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. செலவழித்த பணத்துக்கு உரிய பயன் கிடைக்கவில்லை என்று தணிக்கையாளர்கள் பாதகமான கருத்து எழுதினார்கள், அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 2017 செப்டம்பரில் உள்ளாட்சிச் சங்கத்தின் சார்பில் வந்த சக நிர்வாகிகள் குழு நிதி நிலைமை ஆபத்தானது என்றது. இவையெல்லாம் காகிதத்தில் இருந்தன. அதற்கடுத்த மாதம் தலைமைச் செயல் அலுவலர் பதவி விலகினார்.

அதே அக்டோபரில்தான் நார்தாம்ப்டன் நகரத்தில் கவுன்சிலின் புதிய தலைமையகம் திறக்கப்பட்டது. பெயர் ஒன் ஏஞ்சல் ஸ்கொயர். செலவு 5.3 கோடி பவுண்ட். சிதறிக் கிடந்த பல அலுவலகங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் நீண்ட காலத்தில் மிச்சம் என்பது வாதம். சில மாதங்களிலேயே அந்தக் கட்டடத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்கும் ஏற்பாட்டைத் தேட வேண்டியதாகிவிட்டது. 2018-ல் அது சுமார் 6.4 கோடி பவுண்டுக்குக் கைமாறியது.

114

இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் திவாலாக முடியாது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவும் கூடாது. வரவும் கையிருப்பும் சேர்ந்து செலவைத் தாங்க வேண்டும். தாங்காது என்று தலைமை நிதி அலுவலருக்குத் தெரிந்தால், 1988-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின் கீழ் அவர் அறிக்கை வெளியிட்டே தீர வேண்டும். இது கடமை. தலைவரிடமோ கேபினட்டிடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. அறிக்கை வெளியான கணத்திலிருந்து புதிய செலவு ஒப்பந்தங்கள் நின்றுவிடும். ஆதரவற்றோர் பாதுகாப்பு போல சட்டம் கட்டாயப்படுத்தும் பணிகள் தொடரும். 21 நாளுக்குள் முழு மன்றம் கூடி அந்த அறிக்கையைப் பரிசீலித்தாக வேண்டும்.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி நிதி அலுவலர் மார்க் மெக்லாஃப்லின் அந்த அறிக்கையை வெளியிட்டார். நடப்பு ஆண்டில் 2.11 கோடி பவுண்ட் வரை கூடுதல் செலவாகும் நிலை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் எந்தக் கவுன்சிலும் இந்தக் கட்டத்துக்கு வந்ததில்லை. அந்தக் கவுண்டியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற ஏழு உறுப்பினர்களும் ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களே. அவர்களே தங்கள் கட்சி நடத்தும் கவுன்சிலை வெளிப்படையாகக் கண்டித்து, அதன் நிர்வாகத்தைக் கையிலெடுக்க அரசு ஆணையர்களை நியமிக்கச் சொன்னார்கள்.

ஜனவரியிலேயே உள்ளாட்சித் துறை அமைச்சர் சாஜித் ஜாவித் ஆய்வுக்கு உத்தரவிட்டிருந்தார். ஆய்வாளர் மேக்ஸ் காலர். அவருடைய அறிக்கை மார்ச் 15 அன்று வெளியானது. அதே நாள் கவுன்சில் தலைவர் ஹெதர் ஸ்மித் பதவி விலகினார்.

காலரின் அறிக்கை படிக்க எளிமையானது. சுற்றி வளைக்காமல் எழுதப்பட்டது. பட்ஜெட்டுக்குள் வாழ்வது என்பது இந்தக் கவுன்சிலின் பழக்கத்திலேயே இல்லை என்றார். ஒரு துறை கூடுதலாகச் செலவழித்தால் அதற்கு விளைவு எதுவும் இல்லை, ஆண்டு முடிவில் வேறு எங்கிருந்தோ பணம் எடுத்து மூடிவிடுவார்கள். அட்டவணையில் "சேமிப்பு" என்று எழுதப்பட்ட தொகைகளுக்குப் பின்னால் அதை எப்படிச் சேமிப்பது என்ற திட்டம் இல்லை. மற்றக் கவுண்டிகளைவிட நார்தாம்ப்டன்ஷயருக்கு மட்டும் அநியாயமாகக் குறைவாகக் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் எழுதினார். அவருடைய முடிவு கடுமையானது. இந்தக் கவுன்சிலை நியாயமான காலத்துக்குள் சீராக்க முடியாது. எட்டுக் கவுன்சில்களையும் கலைத்துவிட்டு, இரண்டு அடுக்கு இல்லாத இரண்டு புதிய கவுன்சில்களை உருவாக்குங்கள்.

அறிக்கையின் இந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏழு மாவட்ட, நகரக் கவுன்சில்களும் கலைய வேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தைத் தோண்டியது அவை இல்லையே. கார்பி கவுன்சில் கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் கவுண்டி உட்பட மற்ற ஏழு கவுன்சில்கள் சேர்ந்து மறுசீரமைப்பு விண்ணப்பத்தை அரசுக்கு அனுப்பின. தங்களைத் தாங்களே கலைக்கச் சொல்லி ஏழு மன்றங்கள் வாக்களித்த மாதம் அது. கார்பியின் மறுப்பை நான் பிடிவாதமாகப் பார்க்கவில்லை. தங்கள் ஊர் மக்கள் அனுப்பிய மன்றத்தைக் காப்பாற்ற நினைத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கு முன்பே, ஜூலை 24 அன்று, இரண்டாவது 114 அறிக்கை வந்துவிட்டது. மே மாதம் அரசு நியமித்த ஆணையர்கள் டோனி மெக்ஆர்டிலும் பிரையன் ராபர்ட்ஸும் அப்போது உள்ளே இருந்தார்கள். கணக்கை உண்மையாகப் பார்த்தபோது பள்ளம் 6 முதல் 7 கோடி பவுண்ட் வரை என்று தெரிந்தது. பிப்ரவரியின் கடைசி நாளில் அவ்வளவு அவசரமாகத் திருத்தி நிறைவேற்றிய பட்ஜெட் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. நவம்பரில் அரசு ஒரு விதிவிலக்கு அளித்தது. சொத்து விற்ற பணத்தில் 7 கோடி பவுண்ட் வரை அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. சாதாரணமாகச் சட்டம் அனுமதிக்காத காரியம். புதிதாக ஒரு காசும் லண்டனிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்ச் சொத்தை விற்ற பணத்திலேயே ஊரின் பழைய பள்ளம் மூடப்பட்டது.

21 நூலகங்கள்

கணக்கு இப்படி. மக்களுக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? பேருந்துகளுக்குக் கொடுத்துவந்த மானியம் வெட்டப்பட்டது. கிராமங்களில் கார் இல்லாதவர்களுக்கு அதுதான் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகும் வழி. அப்புறம் நூலகங்கள்.

கவுண்டியில் 36 நூலகங்கள் இருந்தன. அவற்றில் 21-ஐ மூடுவது என்று பிப்ரவரி இறுதியில், பட்ஜெட் நெருக்கடியின் நடுவே, முடிவெடுத்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டபோது மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டிருந்தன. தேர்ந்தெடுத்தது மூன்றிலும் மிகக் கடுமையானது. அந்தக் கட்டடங்கள் பலவற்றில் சின்னக் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் உதவும் மையங்களும் நடந்துவந்தன. நூலகம் மூடினால் அவையும் போகும்.

ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குத் தொடுத்தவர்களில், பெயர் வெளியிடப்படாத ஒரு சிறுமியின் சார்பிலும் மனு இருந்தது. ஆகஸ்ட் மாதம் நீதிபதி யிப் தீர்ப்பளித்தார். நூலகங்களை மூடும் முடிவு சட்டப்படி செல்லாது, ரத்து.

"பணம் இல்லையென்றால் மூடத்தானே வேண்டும், நீதிமன்றம் ஏன் தலையிடுகிறது?" என்று கேட்கலாம். பணம் இல்லை என்பது முக்கியமான காரணம்தான், அதை நீதிமன்றமும் மறுக்கவில்லை. ஆனால் 1964-ஆம் ஆண்டு நூலகச் சட்டம், மக்களுக்கு முழுமையான, திறமையான நூலகச் சேவை தர வேண்டும் என்று கவுன்சிலுக்குக் கடமை விதித்திருக்கிறது. 21 நூலகங்களை மூடிய பிறகு எஞ்சுவது அந்தக் கடமையை நிறைவேற்றுமா? முடிவெடுத்தவர்கள் இந்தக் கேள்வியை முறையாக எடைபோடவில்லை. குழந்தைகள் மையங்கள் தொடர்பாகச் சட்டம் கோரும் கலந்தாய்வும் சரியாக நடக்கவில்லை. ஒரு நல்ல ஆய்வுக் குழு அரை மணி நேரத்தில் எழுப்பியிருக்கக்கூடிய கேள்விகள் இவை. அங்கே எழும்பாததால், ஒரு சிறுமியின் பெயரில் உயர் நீதிமன்றத்தில் எழும்பின.

தீர்ப்புக்குப் பிறகு விஷயம் மறுபடியும் மேசைக்கு வந்தது. பல நூலகங்களை அந்தந்த ஊர்களின் தன்னார்வக் குழுக்கள் எடுத்து நடத்த முன்வந்தன. சம்பளம் வாங்கும் நூலகர் இருந்த இடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ வந்து உட்காரும் ஏற்பாடு. அது முழு நூலகத்துக்கு ஈடாகாது. ஆனாலும் மூடியிருக்க வேண்டிய கதவுகளில் பல திறந்திருந்தன.

கலைந்த நாள்

2019 மே 14 அன்று அமைச்சர் ஜேம்ஸ் புரோக்கன்ஷயர் இரண்டு கவுன்சில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். 2020 மேயில் நடக்க வேண்டிய தேர்தல் கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. 2021 ஏப்ரல் 1 அன்று வடக்கு நார்தாம்ப்டன்ஷயர், மேற்கு நார்தாம்ப்டன்ஷயர் என்ற இரண்டு புதிய கவுன்சில்கள் பொறுப்பேற்றன. டாவென்ட்ரி, நார்தாம்ப்டன், தெற்கு நார்தாம்ப்டன்ஷயர் மேற்கில் சேர்ந்தன. மற்ற நான்கும், கார்பி உட்பட, வடக்கில். 1889-ல் தொடங்கிய கவுண்டி கவுன்சில் 132 ஆண்டுகளுக்குப் பிறகு முடிவுக்கு வந்தது.

அதற்குள் வேறு இடங்களிலும் 114 அறிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. 2020 நவம்பரில் கிராய்டன், 2021-ல் ஸ்லவ், 2022-ல் தர்ரக், 2023-ல் வோக்கிங், பர்மிங்காம், நாட்டிங்காம். ஒவ்வொன்றின் காரணமும் வேறு. கிராய்டனில் வீட்டு வசதி நிறுவனத்துக்குக் கொடுத்த கடன்கள், தர்ரக்கில் சூரிய மின்சார முதலீடுகள், வோக்கிங்கில் உயரமான கட்டடங்கள், பர்மிங்காமில் சம ஊதியப் பாக்கி. இத்தனை கவுன்சில்கள் விழுவதைப் பார்க்கும்போது, மானிய வெட்டுக்கும் இதில் பெரும் பங்கு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. நார்தாம்ப்டன்ஷயர் தலைமை அன்று சொன்ன வாதத்தை இன்று நான் முன்பைவிடக் கூடுதல் பொறுமையோடு கேட்கிறேன். ஆனால் மானியம் குறைந்தால் மன்றம் அதைப் பற்றி அதிகமாகப் பேச வேண்டுமே தவிர, உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில் மறுக்கக் கூடாது. இந்த இரண்டாவது தவறு லண்டனிலிருந்து வந்ததில்லை.

புதிய கவுன்சில்கள் இரண்டுக்கும் முதல் தேர்தல் 2021 மே 6 அன்று நடந்தது. மேற்கு நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சிலின் அலுவலகம் அதே ஒன் ஏஞ்சல் ஸ்கொயரில் அமைந்தது.